ரெண்டு ஆரனும் ஒன்பது வயதும்

போன மாதம் சேலத்தில் நடந்த பயிற்சி வகுப்பில், குழந்தை நல காவல் அலுவலர்களாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற சிறப்பு எஸ்.ஐ.க்கு இந்தக் காலத்தில் யார் மைக் கொடுக்கிறார்கள்? சந்தோஷமாக வந்தேன். பாதிப் பேச்சில் கடைசி வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து நின்றார்.

"அம்மா, இந்தக் காலத்துப் புள்ளைங்க நொம்ப விவரமுங்க. ஃபோன்ல நமக்குத் தெரியாததெல்லாம் அதுங்கதான் சொல்லித் தருதுங்க. ஏழு வயசு வரைக்கும் எது செஞ்சாலும் குத்தமே இல்லீன்னு இன்னமும் வெச்சிருக்கறது அநியாயமில்லீங்களா? அஞ்சாக் கொறைச்சா என்னங்க?"

கைதட்டல் வேறு. நான் வாயைத் திறப்பதற்குள் டீயும் போண்டாவும் வந்துவிட்டன. போண்டா வந்த பிறகு எந்தக் கூட்டமும் பிழைத்ததாக வரலாறு இல்லை. தம்பி, உன் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேரைப் போட்டே நாலு வார்த்தை எழுதியிருப்பேன். இப்போது எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன், நீயும் படி.

சட்டம் உங்களுக்கு மனப்பாடம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயது முடியாத குழந்தை எதைச் செய்தாலும் குற்றமில்லை, அதில் பேச்சே கிடையாது. ஏழு முடிந்து பன்னிரண்டு முடியாத குழந்தை என்றால், தான் செய்வது என்ன, அதனால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அதற்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் குற்றமில்லை. இருந்தது என்றால், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மற்ற பிள்ளைகளைப் போல அதுவும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போக வேண்டியதுதான். சட்டத்தின் பேரை மாற்றினார்கள், பிரிவு எண்ணை மாற்றினார்கள், இந்த வயதுகளை மட்டும் தொடவில்லை. புத்தகத்தில் இதெல்லாம் நாலே வரி. மேட்டில் நிற்கிற வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தால்தான் அந்த நாலு வரியின் கனம் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடை. ஏற்காடு மலைமேல் சீசன் கூட்டத்துக்காக, ஒண்டிக்கடை என்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு புறக்காவல் நிலையம் போட்டிருந்தார்கள். ஒரே அறை. ஆள் என்று பார்த்தால் எங்கள் எஸ்.ஐ., நான், ஜீப் ஓட்டும் ஏட்டு. எஸ்.ஐ. நேரடித் தேர்வில் வந்த இளம்பிள்ளை. கல்யாணமான புதுசு. மாமனார் சீராகக் கொடுத்த பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, அரைமணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வார். நல்ல பையன்தான். ஆனால் பெரிய இடத்துக் குரல் ஃபோனில் கேட்டால் போதும், உட்கார்ந்த நாற்காலி சுட்டதுபோல் எழுந்துவிடுவார்.

அன்றைக்கு மத்தியானம் கீழே சாலையில் டமால் என்று ஒரு சத்தம். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, ஒரு பெரிய வெள்ளைக் கார் பின்பக்கமாக இறங்கி வந்து பலாப்பழக் கடையின் குவியலுக்குள் புகுந்து நின்றிருந்தது. பத்துப் பதினைந்து பழம் பிளந்து கிடக்கிறது. சாலை முழுக்கச் சுளை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "குருதை குப்புறத் தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்ச கதையாப் போச்சே!" என்று ஒரு கண்ணால் அழுதுகொண்டும், மறு கண்ணால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குச் சுளை விற்றுக்கொண்டும் இருந்தார்.

காரின் சொந்தக்காரர் நாற்பது வயது மனிதர். கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியிலிருந்து, குடும்பத்தோடு வந்தவர். மனைவி தலைவலியென்று விடுதியில் படுத்துக்கொள்ள, ஆறு வயது மகனோடு ஊர் சுற்ற வந்திருக்கிறார். பையன் பின்சீட்டில் தூங்கிவிட்டான். எழுப்ப மனசில்லாமல், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டுவிட்டு, எதிரே மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் கார் மகனோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

அந்த ஒரு நிமிஷத்தில் அந்த மனிதரின் உயிர் போய்த் திரும்பியிருக்கிறது. பயம் இறங்கியதும் கோபம் ஏறிவிட்டது. அந்தக் கோபத்துக்கு ஆள் தேடிய இடத்தில், காரின் பின்சக்கரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், கையில் ஒரு கருங்கல்லோடு நின்றுகொண்டிருந்தாள் கோகிலா.

கோகிலாவுக்கு ஒன்பது வயது. பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் ஜீப் ஓட்டும் பழனியின் மகள். எஸ்டேட்டுகளிலிருந்து மிளகு மூட்டை ஏற்றுவது, வேலையாட்களைக் கொண்டுவிடுவது, இதுதான் பழனிக்குப் பிழைப்பு. பள்ளி விடுமுறையில் மகளையும் கூட்டி வருவார். வண்டியில் இடமில்லாத நடைக்குப் பலாப்பழக் கடையில் விட்டுவிட்டுப் போவார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேர் சமவெளிக்காரர்கள். எங்கள் மலையில் வண்டியை மேட்டில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்குக் கல் போடாமல் யாரும் நகர மாட்டார்கள். பிரேக்கை நம்புவது, கியரை நம்புவது எல்லாம் அப்புறம். திரும்ப எடுக்கும்போது ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரெண்டு தடவை ஆரன் அடிப்பார். ரெண்டு ஆரன் என்றால் 'கல்லை எடு' என்று அர்த்தம். கிளீனர் வைத்துக்கொள்ள வசதியில்லாத வண்டிகளில் இந்த வேலை வீட்டுப் பிள்ளைகளுடையது. அதில் அதுகளுக்குப் பெருமை வேறு. நான் முந்தி, நீ முந்தி என்று அடித்துக்கொள்ளும். கோகிலா அதில் கெட்டிக்காரி. ஜீப் ஸ்டாண்டில் யார் வண்டி நின்றாலும் கல் போடுவாள், யார் ரெண்டு ஆரன் அடித்தாலும் எடுப்பாள்.

எல்லாரையும் புறக்காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்தோம். குழந்தையை விசாரிக்கும்போது சீருடை கூடாது என்பதற்காக பீரோவில் ஒரு நூல் சேலை வைத்திருப்பேன். அவசரமாகச் சேலையை மாற்றினேன். ஷூவை மாற்ற மறந்துவிட்டேன். அந்தப் பெண் முதல் பத்து நிமிஷம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சேலைக்குக் கீழே தெரிந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்க்காரர் உட்காரவில்லை. "மேடம், என் பையன் உள்ள இருந்தான். அவன் ஆறு வயசுக் குழந்தை. அவனுக்கு ஏதாவது ஆயிருந்தா? இவளைச் சும்மா விட்டா நாளைக்கு இன்னொரு காரைத் தள்ளுவா. பிடிச்சு சேலம் ஹோம்ல போடுங்க."

"இவளும் குழந்தைதாங்க. ஒன்பது வயசு."

"ஒன்பதா? பாருங்க, எப்படி முறைக்கிறா! இதெல்லாம் விவரமான பிள்ளைங்க மேடம். ரோட்டுல வளர்றதுங்க."

அவர் மகன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் அவன் பக்கம் குனிந்து, "கண்ணு, நீ என்ன பாத்தே?" என்று கேட்டேன். "அவன் குழந்தை மேடம், தூங்கிட்டிருந்தான். அவனுக்கு என்ன தெரியும்?" என்று அவரே பதில் சொல்லிவிட்டார். என்னால் வற்புறுத்த முடியவில்லை. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். மூன்று வயதுதான் வித்தியாசம். ஒன்று 'குழந்தை, என்ன தெரியும்', இன்னொன்று 'விவரமானது'. காரில் வந்த பிள்ளைக்கு வயது மெதுவாக ஏறுகிறது, ஜீப்பில் வந்த பிள்ளைக்கு விறுவிறுவென்று ஏறிவிடுகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தேன், வயதைக் குறைக்க வேண்டும் என்று சொன்ன ஒருத்தராவது சொந்தப் பிள்ளையை நினைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

கோகிலாவிடம் கேட்டேன். "கல்லை நீதான் எடுத்தியா சாமி?"

"ஆமாங்க."

"எதுக்கு எடுத்தே?"

"ஆரன் அடிச்சாங்க. எடுத்தனுங்க."

"பொய்!" என்றார் கார்க்காரர். "சாவி என் பாக்கெட்ல இருக்கு. நான் மருந்துக்கடையில இருக்கேன். யார் ஹாரன் அடிச்சா? பேயா?"

கடைக்காரரைக் கேட்டால், "ஒண்டிக்கடையில ஆரன் சத்தம் எப்பங்க நின்னுச்சு? எது யாருதுன்னு கண்டோம்?" என்று கையை விரித்துவிட்டார். அதுவும் நியாயம்தான்.

"அந்தக் கல்லைப் போட்டது யாரு கண்ணு?"

"நாந்தானுங்க. இவுங்க மேட்டுல நிறுத்திட்டு இறங்கிப் போயிட்டாங்க. வண்டி கொஞ்சம் கொஞ்சமா நகுந்துச்சு. ஓடிப்போய்ப் போட்டனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவர் பிரேக்கை இழுத்த மாதிரி இழுத்திருக்கிறார், அது பிடித்த மாதிரி பிடித்திருக்கிறது. அந்தப் பையனை அதுவரை தாங்கி நின்றதே அவள் போட்ட கல்தான். இதைச் சொல்லலாமென்று நான் திரும்புவதற்குள் எஸ்.ஐ.யின் ஃபோன் அடித்தது. அவர் விறைப்பாக எழுந்தார். "எஸ் சார்... எஸ் சார்... நிச்சயமா சார்." கார்க்காரருக்கு வேண்டிய பெரிய இடம். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. ஏற்காட்டின் அந்தக் குளுமையில் ஒருத்தருக்கு வேர்க்கிறது என்றால் மேலிடம் பேசியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழனி வந்து சேர்ந்தார். செம்மநத்தத்திலிருந்து மிளகு மூட்டையோடு வந்தவர், விஷயம் கேள்விப்பட்டு வண்டியைப் பாதிச் சாலையில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். மகளைப் பார்த்தார், கார்க்காரரைப் பார்த்தார், எஸ்.ஐ.யைப் பார்த்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சார், புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கல்லை எடுத்தது நானுங்க."

"ஏனுங்கப்பா!" என்றாள் கோகிலா. "நீங்க செம்மநத்தத்துலல்ல இருந்தீங்க?"

"நீ சும்மா இரு சாமி. நாந்தானுங்க சார். எம்மேல எழுதிக்குங்க. என் லைசென்ஸ எடுத்துக்குங்க. புள்ளைய மட்டும் சேலத்துக்குக் கொண்டுபோயிராதீங்க."

"அப்பா பொய் சொல்றாருங்க," என்று அவள் என்னிடம் புகார் வேறு சொன்னாள். வீட்டில் பொய் சொன்னால் அடி விழும் போலிருக்கிறது. அப்பனே பொய் சொல்கிறானே என்று அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

எஸ்.ஐ. என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் ஒரு நிம்மதி. "அம்மா, அவரே ஒத்துக்கிறாரு. பெரியவர் மேல கேஸ்னா நமக்குக் குழுமம், ரிப்போர்ட் ஒரு தொல்லையும் இல்ல. அந்தப் பொண்ணும் தப்பிச்சிரும். புகார் குடுத்தவருக்கும் திருப்தி. எழுதிருங்க."

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். எல்லாருக்கும் வசதி. குழந்தைக்கு வசதி, அப்பனுக்கு வசதி, அதிகாரிக்கு வசதி, புகார்க்காரருக்கு வசதி. இப்படி எல்லாருக்கும் வசதியான வாக்குமூலம் ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால் பேனாவை மூடி வையுங்கள். உண்மை அவ்வளவு அனுசரணையாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் போனால் பழனிக்குச் சோறு போய்விடும். அதைவிட, தான் செய்ததற்கு அப்பா தண்டனை வாங்கினார் என்பதை அந்தப் பெண் எத்தனை வயதுவரை சுமப்பாள்? அதற்கு எந்தப் பிரிவில் விலக்கு இருக்கிறது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று போக நான் எழுத மாட்டேன்.

"சார், அவரு இப்பத்தான் செம்மநத்தத்துலேருந்து வர்றாரு. நாளைக்கு ஒரு வக்கீல் கேட்டா நானும் நீங்களும்தான் முழிக்கணும்," என்றேன்.

எஸ்.ஐ.யின் நிம்மதி போன இடம் தெரியவில்லை. "அப்ப அந்தப் பொண்ணுதான். விளைவு தெரியுமான்னு கேளுங்க. தெரியாதுன்னா விட்டுரலாம். தெரியும்னா டைரியில பதிஞ்சு சேலத்துக்கு அனுப்பணும். நான் என்னம்மா பண்றது?"

பாவம், அவர் சொன்னதும் சரிதான். நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஒரே ஒரு வார்த்தையில் எல்லாம் இருக்கிறது என்று. பழனி எனக்குப் பின்னால் நின்று மகளுக்குத் தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதக் கேளு கண்ணு. சின்னப் புள்ளைங்க தெரியாம செஞ்சா குத்தமில்ல. சட்டமே அப்படித்தான் சொல்லுது. நீ யோசிச்சு, நெசத்தைச் சொல்லு. மேட்டுல நிக்கற வண்டிக்குக் கல்லை எடுத்தா என்ன ஆகும்?"

"உருளுமுங்க."

பழனியின் தலை நின்றுவிட்டது.

"உனக்கு அது தெரியுமா?"

"தெரியுமுங்களே."

"தெரியாதுன்னு சொல்லு சாமி!" என்று பழனி கத்தியேவிட்டார்.

"தெரியுமேப்பா! நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க!"

வெளியே நின்ற பலாப்பழக் கடைக்காரர், "கெட்டுது குடி!" என்றார். எஸ்.ஐ. கண்ணை மூடிக்கொண்டார். கார்க்காரர், "பாத்தீங்களா? நான் சொல்லல? எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கா," என்றார்.

அவளுக்கும் ஏதோ தவறாகப் போகிறதென்று புரிந்துவிட்டது. "ஏனுங்க, சேலத்துக்குப் போனா எப்பத் திருப்பி வுடுவீங்க? ஸ்கூலு தொறந்துருமுங்களே. ஊட்ல அம்மா தேடுமுங்களே," என்றாள். பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வீட்டுக்குப் போயிருப்பாள். உண்மை பேசும் பிள்ளையை உண்மைக்காகவே சேலத்துக்கு அனுப்புவதா? என்ன வேலை இது என்று வெறுத்துப் போனது.

ஆனால் ஒன்று உறைத்தது. இதுவரை நான் கேட்டதெல்லாம் கல்லைப் பற்றி. ஆரனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 'தெரியுமா' என்று கேட்டால் மட்டும் போதாது, பிள்ளைகளே. 'வேற எதாச்சும் செஞ்சிருக்க முடியுமா' என்றும் கேட்க வேண்டும். முதிர்ச்சி என்பது அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

"சரி கண்ணு. ரெண்டு ஆரன் அடிச்சாங்க. நீ எடுக்காம இருந்திருக்கலாமில்ல? உள்ள யாரு இருக்கறாங்கன்னு பாத்திருக்கலாமில்ல?"

அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "ஆரன் அடிச்சா எடுக்கோணுமுங்க. பாத்துக்கிட்டு நின்னா வண்டி ஆஃப் ஆயிருமுங்க. அப்பா வைவாரு."

"வண்டி உருண்டு போகுமேன்னு தோணலியா?"

"ஆரன் அடிச்சாப் பெரியவங்க பிரேக் புடிச்சிருப்பாங்கல்லங்க!"

நான் அதை எழுதப் பேனாவை எடுத்தேன். அப்போது வெளியே வாசலில் ஆரன் சத்தம் கேட்டது. பீம், பீம். ரெண்டு.

கோகிலா இருந்த இடத்தில் இல்லை. என் கைக்குக் கீழே புகுந்து ஒரே ஓட்டம். இங்கே இன்னொன்றையும் சொல்லித் தொலைக்க வேண்டும். எங்கள் போலீஸ் ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. போய் ரொம்ப நாளாகிறது. அதுவும் வாசல் மேட்டில் ஒரு கல்லை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தது. ஏட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

"வேண்டாம் கண்ணு!" என்று கத்திக்கொண்டு நானும் ஓடினேன். ஓட்டத்தில் சேலையை பூட்ஸ் மிதித்து நிலைப்படியில் நான் விழுந்தது தனிக்கதை. விழுந்த இடத்திலிருந்து நன்றாகவே பார்த்தேன். அவள் குனிந்தாள், கல்லை எடுத்தாள், பழக்கப்படி ஜீப்பின் பின்பகுதிக்குள் தூக்கிப் போட்டாள். ஜீப் மெதுவாக, மரியாதையாக, பின்னால் இறங்கியது. போகிற வழியில் எஸ்.ஐ.யின் மாமனார் சீர் பைக்கை அணைத்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்து எதிரே இருந்த மண்மேட்டில் போய்ச் சாய்ந்தன.

எல்லாரும் ஓடினோம். ஜீப்பின் ஓட்டுநர் சீட்டில், ஸ்டியரிங்குக்கு மேலே தலைகூடத் தெரியாமல், கார்க்காரரின் ஆறு வயது மகன் உட்கார்ந்திருந்தான். நாங்கள் பெரியவர்கள் 'தெரியுமா, தெரியாதா' என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அலுத்துப் போய் வெளியே வந்திருக்கிறான். கொஞ்சமும் பயமில்லை. முகமெல்லாம் பல்.

"அப்பா! ரெண்டு தடவை அடிச்சா இதுவும் தானா போகுதுப்பா! நம்ம கார் மாதிரியே!" என்றான்.

பழனிதான் ஓடிப் போய் முதலில் பையனைத் தூக்கி இறக்கினார். கோகிலா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அழுகிற குரலில், "கை தானாப் போயிருச்சுங்க," என்றாள். அதற்குமேல் எனக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. ஒரு தடவை அவ்வளவு பெரிய ரகளை நடந்து, சேலம் ஹோம் பயமும் காட்டி, அந்தப் பயம் போவதற்குள்ளேயே அந்தக் கை மறுபடியும் போகிறது என்றால், அதைக் குற்றமனம் என்று எந்தப் புத்தகத்தை வைத்து எழுதுவது? பெரியவர்கள் சொன்னால் கேள் என்று கையைப் பழக்கிவிட்டோம். கேட்ட பிறகு, ஏன் கேட்டாய் என்று விசாரணை வைக்கிறோம்.

கார்க்காரர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மகனை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். கல் போட்டது யார், பிரேக் பிடிக்காமல் போனது யார், ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாகக் காரில் விட்டது யார் என்று ஒவ்வொன்றாக அவர் மண்டையில் ஏறுவது முகத்தில் தெரிந்தது. தண்ணீர் கேட்டார். கோகிலாதான் உள்ளே ஓடிப் போய் மொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "எனக்குப் புகார் ஒண்ணும் வேண்டாம் மேடம்," என்றார்.

ஆனால் எஸ்.ஐ.க்கு இப்போதுதான் வீரம் வந்திருந்தது. பைக்கின் கண்ணாடி உடைந்து, டேங்க் நசுங்கிக் கிடந்தது. மாமனாருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை, மேலிடத்துப் பயத்தைத் தின்றுவிட்டது. "உங்களுக்கு வேண்டாம், எங்களுக்கு வேணும் சார்," என்றார். "ஆறு வயசு, அதுமேல கை வைக்க முடியாது. ஒன்பது வயசு, அதுக்கு அந்த முதிர்ச்சி இல்லைன்னு பாத்துட்டோம். இந்தக் கூட்டத்துல சட்டத்துக்கு முன்னால நிக்கற வயசு உங்களுக்குத்தான் இருக்கு. கவனக்குறைவா வண்டிய நிறுத்தினது, குழந்தைய ஆபத்துல விட்டது, எல்லாம் எழுதறேன்."

"எழுதுங்க சார்," என்று நான் அவர் காதருகே போய்ச் சொன்னேன். "நம்ம ஜீப் ஏன் கல்லுல நின்னுச்சுன்னும் சேத்து எழுத வேண்டியிருக்கும்." அவர் கொஞ்சம் தணிந்தார். ஆனாலும் முழுதாக இறங்கவில்லை. கார்க்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் செஞ்சதுதான் தப்பு," என்று மட்டும் சொன்னார். பையன் அப்பாவின் முகத்தையே பார்த்தான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பாவ சேலத்துக்குக் கொண்டுபோவீங்களா?" என்று என்னைக் கேட்டான்.

யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். கோகிலா.

"ஏனுங்க, அவுங்களுக்கு எத்தன வயசுங்க?"

"நாப்பது இருக்கும். எதுக்குக் கேக்கறே சாமி?"

"அவுங்களுக்கு மேட்டுல வண்டி நிறுத்தத் தெரியலீங்க. கீழ்நாட்டுக்காரங்க, பாவமுங்க. தெரியாம செஞ்சா குத்தமில்லீன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"அது பன்னெண்டு வயசு வரைக்குந்தான் கண்ணு. பெரியவங்களுக்கு அது செல்லாது."

அவள் கார்க்காரரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். அழுகிற பையனையும் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அவர் காதில் விழுந்தால் வருத்தப்படுவாரே என்பதுபோல, என்னிடம் சொன்னாள்.

"அப்ப அந்தப் பன்னெண்ட இவுங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஏத்திப் போட்டுக்குங்களேன்."

அவர் காதில் விழுந்துவிட்டது. சிரிக்கப் போனவர் மகன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டார். வயதை ஏற்றிப் போட எனக்கு ஏது அதிகாரம்? எஸ்.ஐ.யைப் பார்த்தேன். அவர் நசுங்கிக் கிடந்த பைக்கை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எல்லாரையும் ஊட்டுக்குப் போகச் சொல்லுங்கம்மா," என்றார்.